தயிர் கப்பைத் திருப்பிப் பாருங்க!

போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில் நுழைந்தேன். ஃப்ரிட்ஜ் முன்னால் ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். கழுத்தில் சிப்காட் கம்பெனி அடையாள அட்டை. ஒரு கையில் ஸ்ட்ராபெரி படம் போட்ட யோகர்ட் கப்பு, இன்னொரு கையில் சாதாரணத் தயிர் பாக்கெட். என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்கதானே எழுதுறவங்க? பாப்பாவுக்கு ஒன்றரை வயசு. இதுல எது நல்லது? இந்தக் கப்புல 'ஹெல்த்தி'ன்னு போட்டிருக்கே?" என்று கேட்டாள்.

ஒரு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால், யோசிக்காமல் கப்பைக் கைகாட்டியிருப்பேன். ஏனென்றால் அப்போது நானே அந்தத் தப்பைச் செய்துகொண்டிருந்தேன். அதுவும் என் மாமியாருக்கு. அந்தக் கதையை இத்தனை நாளாக இந்தப் பக்கத்தில் எழுதாமல் தள்ளிப் போட்டதற்குக் காரணம் வெட்கம்தான். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன், தோழிகளே.

மூன்று மாதம், இரண்டு கிலோ சர்க்கரை

என் அத்தைக்கு வயது 68. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காபியில் சர்க்கரை போடுவதை முதல் வாரத்திலேயே நிறுத்தியவர். பேரன் பிறந்தநாள் கேக்கைக்கூட விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வதோடு சரி. அப்படி ஒரு கட்டுப்பாடு.

போன வருடம் கோடையில் அவருக்குப் பல் பிடுங்கினார்கள். களியும் கீரைக் குழம்பும் சாப்பிட முடியவில்லை. பசியும் குறைந்துபோனது. "ஏதாவது குளுகுளுன்னு மெதுவா உள்ளே போற மாதிரி இருந்தா பரவால்ல கண்ணு" என்றார். எனக்கு உடனே தோன்றியது மாம்பழ யோகர்ட். கப்பின் முன்பக்கம் 'லோ ஃபேட்' என்று பச்சை எழுத்தில் இருந்தது. தயிர்தானே, கொழுப்பும் குறைவு, பழமும் இருக்கிறது, இதைவிட வேறென்ன வேண்டும்? காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வாங்கிக் கொடுத்தேன். அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பல் சரியான பிறகும் அது வழக்கமாகவே தொடர்ந்தது.

மூன்று மாதம் கழித்து வழக்கமான பரிசோதனை. 7.1 இருந்த ஹெச்பிஏ1சி, 8.2 ஆகியிருந்தது. (கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று சொல்லும் பரிசோதனை இது.) டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டப் போனார். அதற்கு முன், "சாப்பாட்டுல என்ன மாத்துனீங்க?" என்று கேட்டார். அத்தை சத்தியம் பண்ணாத குறையாக, "ஒண்ணும் மாத்தலீங்க, என் மருமக தயிர்தான் குடுக்குது" என்றார். "எந்தத் தயிர்?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் இருந்த கப்பை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தை முதன்முறையாகப் படித்தேன். 100 கிராம் கப்பு. மொத்த சர்க்கரை 15 கிராம். அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 11 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு கப்பு என்றால் 22 கிராம், அதாவது சுமார் ஐந்து டீஸ்பூன். தொண்ணூறு நாளுக்குக் கணக்குப் போட்டால் 1,980 கிராம். கிட்டத்தட்ட இரண்டு கிலோ!

காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போடாத மனுஷிக்கு, மூன்று மாதத்தில் இரண்டு கிலோ சர்க்கரையை என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனிக்காரன் ஒன்றும் மறைக்கவில்லையே. எல்லாம் அதில் அச்சிட்டுத்தான் இருந்தது. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

தயிரா, மொசரா, பெருகா?

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயிருக்கு ஒரு பேர் போதாது. ஓசூரில் இருக்கும் என் தங்கை வீட்டுப் பக்கத்துக் கடையில் ஒருவர் 'தயிர்' கேட்பார், அடுத்தவர் 'மொசரு' கேட்பார், அதற்கடுத்தவர் 'பெருகு' கேட்பார். கடைக்காரர் மூன்று பேருக்கும் ஒரே பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார். ஃப்ரிட்ஜிலும் ஆவினும் நந்தினியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கிறதா? உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.), தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று அச்சிடச் சொன்னது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒரே எதிர்ப்பு. மார்ச் 30-ம் தேதி ஆணையம் இறங்கி வந்தது. 'கர்டு' என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் தயிர், மொசரு, பெருகு என்று அந்தந்த ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தது. பாக்கெட்டின் முன்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்பதில் நாம் எவ்வளவு ரோஷமாக இருந்தோம்! நல்லதுதான். அதில் பாதி அக்கறையைப் பின்பக்கத்திலும் காட்டினால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

சரி, தயிருக்கும் யோகர்ட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே பாலை நுண்ணுயிர்கள் புளிக்க வைத்து உறைவதுதான். நம் வீட்டில் உறைமோரில் என்னென்ன நுண்ணுயிர் இருக்கிறதோ அதுதான் வேலை செய்யும். அதனால்தான் வீட்டுக்கு வீடு தயிர் ருசி மாறுகிறது. யோகர்ட் என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ் என்ற இரண்டு நுண்ணுயிர்களை அளவாகச் சேர்த்து உறைய வைப்பது. அதனால் ஒவ்வொரு கப்பும் ஒரே ருசியாக இருக்கும். சத்துக் கணக்கில் வெறும் தயிரும் வெறும் யோகர்ட்டும் கிட்டத்தட்ட சமம்தான். 'யோகர்ட்' என்று பேர் போட்டதாலேயே அது உயர்ந்தது ஆகிவிடாது.

ஒரு சுவாரஸ்யமான சங்கதி. 1919-ல் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் ஐசக் கராசோ என்பவர் யோகர்ட் தயாரித்து விற்க ஆரம்பித்தார். வயிற்றுக் கோளாறால் அவதிப்பட்ட குழந்தைகளுக்காக, மருந்துக் கடைகளில்தான் அதை முதலில் விற்றார். இன்று உலகம் முழுக்க இருக்கும் டானோன் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். மருந்துக் கடையில் பிறந்த பண்டம், இன்று பல கடைகளில் ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில் அதோடு சேர்ந்துகொண்டது சர்க்கரை.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டிய ஐந்து

அந்த ராத்திரிக்குப் பிறகு நான் பழகிக்கொண்டது இது. கடையில் நின்று இரண்டு நிமிடம் செலவழித்தால் போதும்.

1. மூலப்பொருள் வரிசை: எது அதிக எடையோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். நல்ல தயிரில் வரிசை ரொம்பச் சின்னது. பால், உறை நுண்ணுயிர் (கல்ச்சர்), அவ்வளவுதான். சிலவற்றில் பால் பவுடர் அல்லது பால் திடப்பொருள் இருக்கும், அதில் தப்பில்லை. நான் வாங்கிய கப்பில் என்ன இருந்தது தெரியுமா? பால், சர்க்கரை, மாம்பழக் கூழ் 6 சதவீதம், பிறகு கெட்டியாக்கும் பொருள், நிறம், மணம். பழத்துக்கு முன்னால் சர்க்கரை! மாங்கூழ் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, 100 கிராமில் 6 கிராம் மாங்கூழுக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன்.

ஐ.என்.எஸ். 440, 1442 என்று எண்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். 440 என்பது பழங்களில் இருக்கும் பெக்டின். 1442 என்பது மாற்றியமைத்த ஸ்டார்ச். அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் தயிர் தானாகக் கெட்டியாக இருந்தால் இவற்றுக்கு அங்கே வேலை இல்லை.

2. சேர்க்கப்பட்ட சர்க்கரை: இங்கேதான் பலரும் குழம்புவோம். வெறும் தயிரிலும் 'மொத்த சர்க்கரை' என்று 100 கிராமுக்கு 4, 5 கிராம் போட்டிருக்கும். அது பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதற்குக் கீழே 'ஆடட் சுகர்' என்று தனி வரி இருக்கும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அதன் பக்கத்தில் ஒரு சதவீதமும் போட்டிருக்கும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற அளவை வைத்துத்தான் நம் நாட்டு லேபிளில் அந்தச் சதவீதத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ஆகவே லேபிளில் 22 சதவீதம் என்று இருந்தால், மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். 44 சதவீதம். இரண்டு கப்பு சாப்பிட்டால் ஒரு நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கு. என் அத்தைக்கு?

3. புரதம்: சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் வரை இருக்கும். 'கிரீக் யோகர்ட்' என்று விற்பது நீரை வடிகட்டியது. அதனால் புரதம் 8, 10 கிராம் வரை வரும். விலையும் அதற்கேற்ப ஏறும். ஆனால் எல்லா 'கிரீக்'கும் வடிகட்டியது அல்ல. ஸ்டார்ச் சேர்த்தும் கெட்டியாக்கலாம். புரத வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும். 4 கிராம் புரதம் என்றிருந்தால் அது நம் தயிர்தான், பேர் மட்டும்தான் கிரேக்கம்.

4. கொழுப்பு: பாலில் இருக்கும் அதே வகைகள்தான் தயிரிலும். டபுள் டோன்டு 1.5 சதவீதம், டோன்டு 3, ஸ்டாண்டர்டைஸ்டு 4.5, ஃபுல் கிரீம் 6. வளரும் பிள்ளைகளுக்கும், ஒல்லியாக இருப்பவர்களுக்கும் கொழுப்புள்ள தயிர் நல்லது. எடை கூடியவர்கள், இதய நோய் உள்ளவர்கள் டோன்டு அல்லது டபுள் டோன்டு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 'லோ ஃபேட்' என்றதும் சர்க்கரை வரிக்கு ஒரு முறை கண் போகட்டும். கொழுப்பை எடுத்தால் ருசி போகும். போன ருசியைத் திரும்பக் கொண்டுவர, இனிப்பைச் சேர்ப்பது சுலபமான வழி. நான் விழுந்த குழி அதுதான்.

5. தேதியும் குளிரும்: தயாரித்த தேதிக்கு எவ்வளவு கிட்டத்தில் வாங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பாக்கெட் உப்பியிருந்தால், கப்பின் மூடி மேலே புடைத்திருந்தால் தொடவே வேண்டாம். மேலே தண்ணீர் தெளிந்து நிற்பது கெட்டதின் அடையாளம் அல்ல, அது தயிர்த் தெளிவுதான், கலக்கிவிட்டால் போதும். ஆனால் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடக் கூடாது, மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். முக்கியமாக, கடை ஃப்ரிட்ஜ் உண்மையிலேயே குளிராக இருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். ராத்திரி கரன்ட் பில்லுக்காக அணைத்துவைக்கும் கடைகளும் உண்டு. கூட்டம் அதிகமாக வரும் கடையில், சரக்கு சீக்கிரம் மாறும் கடையில் வாங்குவது பாதுகாப்பு.

முன்பக்கம் சொல்லும் வார்த்தைகள்

'நோ ஆடட் சுகர்': நல்ல வார்த்தைதான். ஆனால் இனிக்கிறதே, எப்படி? மூலப்பொருளில் சுக்ரலோஸ் (955), ஸ்டீவியா (960) மாதிரி இனிப்பூட்டி இருக்கிறதா பாருங்கள். குழந்தைகளுக்கு இது வேண்டாம். தேன், வெல்லம், நாட்டுச் சர்க்கரை சேர்த்தது என்று போட்டிருந்தால், ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

'ப்ரோபயாடிக்': எல்லாத் தயிரிலும் நுண்ணுயிர் உண்டு. ப்ரோபயாடிக் என்று சொல்வது, உடம்புக்கு நன்மை செய்வதாக நிரூபிக்கப்பட்ட குறிப்பிட்ட வகை நுண்ணுயிர், போதுமான எண்ணிக்கையில் இருந்தால்தான். நல்ல தயாரிப்பு என்றால் அந்த நுண்ணுயிரின் முழுப் பெயரும் எண்ணிக்கையும் பின்பக்கத்தில் இருக்கும். வெறும் வார்த்தை மட்டும் பெரிதாக இருந்தால் கூடுதல் காசு கொடுக்க அவசியமில்லை. ஃப்ரிட்ஜே தேவையில்லை, மாதக்கணக்கில் கெடாது என்று விற்பவை பெரும்பாலும் உறைந்த பிறகு சூடு காட்டியவை. அதில் உயிருள்ள நுண்ணுயிரை எதிர்பார்க்க முடியாது.

'மசாலா மோர்': கோடையில் எல்லோரும் வாங்குகிறோம். அதில் சோடியம் வரியைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பாக்கெட் மோரைவிட வீட்டில் கடைந்த மோரில் உப்பைக் குறைத்துக் குடிப்பது நல்லது.

அமெரிக்கா என்ன சொன்னது?

"யோகர்ட் சாப்பிட்டா சுகரே வராதாம், அமெரிக்காவுல சொல்லிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. எனக்கும் வந்தது. அதில் பாதி உண்மை. 2024 மார்ச் 1-ம் தேதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஓர் அனுமதி கொடுத்தது. வாரத்துக்குக் குறைந்தது இரண்டு கோப்பை யோகர்ட் சாப்பிடுவது டைப்-2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று நிறுவனங்கள் லேபிளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 'குறைந்த அளவு அறிவியல் ஆதாரத்தின்படி' என்பதையும் சேர்த்தே போட வேண்டும். கூடவே, சர்க்கரை அதிகம் சேர்த்த யோகர்ட்டில் இந்த வாசகத்தைப் போடலாமா என்று நிறுவனங்கள் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தக் கடைசி வரி வாட்ஸ்அப்பில் வரவில்லை. இன்னொன்று, அது நோய் வராமல் தடுப்பதைப் பற்றிய பேச்சு. வந்த நோய்க்குத் தயிர் மருந்து என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது

கப்பு வாங்குவதை நிறுத்தியதும் அத்தை முகம் வாடியது. "எனக்குப் பிடிச்சதெல்லாம் ஒவ்வொண்ணா போகுது" என்றார். ஒரு வயதானவருக்கு நாளில் இரண்டு முறை கிடைத்த சந்தோஷத்தைச் சட்டென்று பிடுங்குவதும் பாவம்தானே. அதனால் வேறு வழி பார்த்தேன்.

டோன்டு பால் தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு வடிகட்டிமேல் வைத்து, கீழே பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிடுவேன். நீர் இறங்கி, வெண்ணெய் மாதிரி கெட்டியாகிவிடும். கடையில் கிரீக் யோகர்ட் என்று விற்பதும் இதே சங்கதிதான். அதில் சின்னத் துண்டாக நறுக்கிய கொய்யாவோ, நாலு மாதுளை முத்தோ, துளி ஏலக்காய்ப் பொடியோ சேர்ப்பேன். மாம்பழ சீசனில் இரண்டு சின்னத் துண்டு மட்டும், அதுவும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு. வடிந்த நீரைக் கொட்டுவதில்லை. சப்பாத்தி மாவு பிசையவும், கேழ்வரகுக் கூழ் கரைக்கவும் ஆகும்.

முதல் வாரம் அத்தைக்கு ருசிக்கவில்லை. சர்க்கரை பழகிய நாக்கு அப்படித்தான். மூன்றாவது வாரம், "இதுல ஏலக்கா கொஞ்சம் கூடப் போடு" என்று கேட்டார். ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

காசுக் கணக்கும் சொல்கிறேன். 100 கிராம் கப்பு 25 ரூபாய் என்று, தினம் இரண்டு வாங்கி மூன்று மாதத்தில் 4,500 ரூபாய் செலவழித்திருக்கிறேன். அதே எடைக்கு வெறும் தயிர், அரைக் கிலோ பாக்கெட் 40 ரூபாய் என்று வைத்தால், 1,440 ரூபாய்தான். வீட்டில் உறை ஊற்றினால் இன்னும் குறையும்.

வீட்டில் உறை ஊற்றுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பால் நன்றாகக் கொதித்து, விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்த பிறகு, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் தயிரைக் கலந்தால் போதும். மார்கழி, தை குளிரில், அதுவும் ஓசூர்ப் பக்கம், ராத்திரி முழுக்க வைத்தாலும் உறையாது. அப்போது பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள்ளோ, ஹாட் பேக்கிலோ வையுங்கள். உறைந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட்டால் புளிக்காது.

ஹாஸ்டலில் தங்கி ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது முடியாது என்று எனக்குத் தெரியும். என் அக்கா மகளும் அப்படித்தான். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்து ஒரு ஃப்ளேவர்டு கப்பைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள், அதுதான் டிஃபன். அவளுக்கு நான் சொன்னது இது. சின்னத் தயிர் பாக்கெட் ஒன்று, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. கப்பின் விலைக்குள்ளேயே முடியும், வயிறும் நிறையும். ஃப்ரிட்ஜ் இல்லாத அறை என்றால், அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மிச்சத்தை மதியத்துக்கு என்று வைக்கக் கூடாது.

பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்பே செரித்துவிடுவது காரணம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் தயிரின் அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் உண்டு.

அத்தையின் அடுத்த பரிசோதனையில் 7.3 வந்தது. எல்லாப் புகழும் தயிருக்கே என்று சொல்ல மாட்டேன். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள், சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தபோது, மூன்று மாதம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. வெளியே வந்ததும் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடு கண்ணு. நீ தெரிஞ்சா குடுத்த? ஆசையாத்தானே குடுத்த" என்றார். அதைக் கேட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் அழுகை வந்தது.

சரி, அந்த இளம்பெண்ணுக்கு என்ன சொன்னேன்? நான் ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டையும் திருப்பு, 'ஆடட் சுகர்'னு ஒரு வரி இருக்கும், அதைப் படி" என்றேன். ஒன்றில் பூஜ்யம், இன்னொன்றில் 12. "பன்னெண்டு கிராம்னா எவ்வளவுக்கா?" என்றாள். "மூணு ஸ்பூன்" என்றேன். ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள். இரண்டு வயது வரை குழந்தைக்குச் சர்க்கரை சேர்த்த உணவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்வதை அவளிடம் சொன்னேன். கப்பு ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது. தயிர் பாக்கெட்டோடு பில் போடுற இடத்துக்குப் போனவள், பாதி வழியில் நின்று, கூடையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டையும் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

நீங்களும் இன்றைக்கு உங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருக்கும் கப்பையோ பாக்கெட்டையோ ஒரு முறை திருப்பிப் பாருங்கள், தோழிகளே. என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பெண் எடுத்துப் பார்த்த பிஸ்கட் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.